அமெரிக்க டிவி சேனல்களுக்கு ஒரு திறந்த மடல்: ரீமேக் எடுங்கள், உங்கள் ஊர்க் கதையாக எடுங்கள்

என்.பி.சி., சி.பி.எஸ்., ஏ.பி.சி., ஃபாக்ஸ் சேனல்களில் எந்தத் தொடரை எடுப்பது, எதை நிறுத்துவது என்று முடிவு செய்கிறவர்களுக்கு வணக்கம்.

பிரிட்டிஷ் தொடர்களின் உரிமையை வாங்கி நீங்கள் ரீமேக் செய்வதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ரீமேக்கே கூடாது என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஏனென்றால் உங்கள் டிவி வரலாற்றின் மிக நல்ல தொடர்களில் சில லண்டனிலிருந்து வந்தவைதான். என் வருத்தம் வேறு. எது ஏன் ஓடியது, எது ஏன் படுத்தது என்பதற்கான பதில் ஐம்பது வருடமாக உங்கள் கையிலேயே இருக்கிறது, ஆனாலும் அதே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்கிறீர்கள்.

உங்கள் ஊர் டிவி எழுத்தாளரும் தயாரிப்பாளருமான நார்மன் லியரை எடுத்துக்கொள்ளுங்கள். பிபிசியில் 'டில் டெத் அஸ் டூ பார்ட்' என்று ஒரு தொடர், வாயைத் திறந்தால் இனவெறி பேசும் கிழக்கு லண்டன் அப்பா ஒருவர், அவரோடு தினமும் மல்லுக்கு நிற்கும் மருமகன். அதைப் பற்றிப் படித்ததும் லியருக்குத் தன் சொந்த அப்பாதான் நினைவுக்கு வந்தார். அவரோடு போட்ட சண்டைகள், அவர் தன்னைத் திட்டிய வார்த்தைகள் எல்லாவற்றையும் கொண்டுவந்து நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஆர்ச்சி பங்கர் என்ற மனிதரை உருவாக்கினார். ஏ.பி.சி. இரண்டு பைலட் (சோதனை எபிசோட்) எடுக்கச் சொல்லி இரண்டையும் வேண்டாம் என்றது. கடைசியில் 1971 ஜனவரியில் சி.பி.எஸ். துணிந்து ஒளிபரப்பியது. 'ஆல் இன் த ஃபேமிலி' தொடர்ந்து ஐந்து சீசன் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. அடுத்த வருடமே 'ஸ்டெப்டோ அண்ட் சன்' தொடரின் லண்டன் பழைய சாமான் வியாபாரிகள் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் வாழும் கறுப்பின அப்பாவும் மகனுமாக மாறினார்கள், தொடரின் பெயர் 'சான்ஃபோர்ட் அண்ட் சன்'. அந்த அப்பாவாக நடித்த ரெட் ஃபாக்ஸின் சொந்தக் குடும்பப் பெயர்தான் 'சான்ஃபோர்ட்'. அந்தத் தெருவும் அந்தப் பேச்சும் அந்த ஆட்களும் அங்கேயே பிறந்த மாதிரி இருந்ததற்குக் காரணம் இதுதான்.

சரி, 2003க்கு வருவோம். 'ஃப்ரெண்ட்ஸ்' முடியப்போகிறது, அந்த இடத்துக்கு என்.பி.சி.க்கு ஒரு தொடர் வேண்டும், பிரிட்டிஷ் எழுத்தாளர் ஸ்டீவன் மொஃபாட்டின் காமெடித் தொடர் 'கப்ளிங்' கைக்குக் கிடைத்தது. நீங்கள் செய்தது என்ன? அவருடைய ஸ்கிரிப்டையே எடுத்து வேறு முகங்களிடம் கொடுத்தீர்கள். பிபிசியில் விளம்பரம் கிடையாது, அங்கே ஒரு எபிசோட் கிட்டத்தட்ட முழு அரை மணி. உங்களுக்கு விளம்பரம் போக மிஞ்சுவது 22 நிமிடம்தான். மொஃபாட் எழுதியதில் ஒரு எபிசோட் உண்டு, ஒரு பெண் பேசும் ஹீப்ரு நமக்குப் புரியாமல் ஒரு காட்சி வரும், அப்புறம் அதே காட்சி அவள் பக்கத்திலிருந்து எல்லாம் புரிகிற மாதிரி திரும்ப வரும். முதல் தடவை போகிறபோக்கில் வரும் ஒவ்வொரு வரிக்கும் சிரிப்பு இரண்டாம் தடவைதான் கிடைக்கிறது. அப்படி எழுதப்பட்ட தொடரில் ஏழு நிமிடத்தை வெட்டினால் வேறென்ன ஆகும்? நாலே எபிசோடில் நிறுத்தினீர்கள். சேனலின் தலையீடுதான் கெடுத்தது என்று மொஃபாட் பின்னால் சொன்னார். நான் அவர் பக்கம்தான்.

அதே என்.பி.சி. இரண்டே வருடம் கழித்து பிரிட்டிஷ் அலுவலகக் காமெடி 'தி ஆஃபீஸ்' தொடரை எடுத்தது. அதன் முதல் எபிசோடும் கிட்டத்தட்ட ஒரிஜினலின் நகல்தான், ஸ்லவ் நகரம் ஸ்க்ரான்டன் ஆனது, ஆட்கள் மாறினார்கள், அவ்வளவே, பார்க்கவே சங்கடமாக இருக்கும். இரண்டாவது எபிசோடிலேயே அமெரிக்க அலுவலகங்களில் நடக்கும் இனப்பாகுபாடு பற்றிய பயிற்சி வகுப்பை வைத்துச் சொந்தமாக எழுதினார்கள், அங்கேதான் உயிர் வந்தது. ஒரிஜினலில் ரிக்கி ஜெர்வைஸ் நடித்த எரிச்சலூட்டும் மேனேஜர் டேவிட் பிரென்ட்டை 12 எபிசோடும் ஒரு கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதியும் சகித்துக்கொள்ளலாம். வருடத்துக்கு இருபதுக்கு மேல் எபிசோட் என்றால் அப்படி ஒருவரோடு யாரும் வாழ முடியாது. அமெரிக்கத் தொடரை உருவாக்கிய கிரெக் டேனியல்ஸுக்கு அது தெரிந்திருந்தது. இரண்டாம் சீசனில் அவருடைய மேனேஜர் மைக்கேல் ஸ்காட் கொஞ்சம் இளகினார், உண்மையிலேயே திறமையான விற்பனையாளர் என்று காட்டினார்கள், அந்த மனிதர் மேல் நமக்குப் பாசம் வந்துவிட்டது. ஆறே எபிசோட் ஓடிய முதல் சீசனுக்குப் பெரிய கூட்டம் இல்லாதபோதும் நீங்கள் அவர்களை நம்பி அடுத்த சீசன் கொடுத்தீர்கள். அதற்கு மனதார நன்றி. 2013ல் முடியும்போது 201 எபிசோட்.

ஓட்டல் முதலாளி பேசிலைச் சுற்றி நடக்கும் பிரிட்டிஷ் காமெடி 'ஃபால்டி டவர்ஸ்' விஷயத்தை அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1978, 1983, 1999 என்று மூன்று முயற்சி, மூன்றும் தோல்வி, அதில் 1983ல் ஏ.பி.சி. எடுத்ததில் பேசில் என்ற பாத்திரமே கிடையாது.

என்னால் இன்னும் மன்னிக்க முடியாதது 'கிரேஸ்பாயின்ட்'. கடலோர ஊரில் ஒரு சிறுவன் கொலையாவதைப் பற்றிய பிரிட்டிஷ் தொடர் 'பிராட்சர்ச்' 2013லேயே பிபிசி அமெரிக்கா வழியாக உங்கள் ஊரில் ஓடிவிட்டது. அடுத்த வருடம் ஃபாக்ஸ் அதே கதையை, அதே டேவிட் டென்னன்ட்டையே துப்பறிபவராக வைத்து, கடற்கரையை மட்டும் கலிஃபோர்னியாவுக்கு மாற்றி எடுத்தது. ஒரிஜினலில் அந்த ஊரும் அந்தப் பேச்சும் பழகிய மனிதர்களும் சேர்ந்துதான் அந்தச் சிறுவனின் சாவைத் தாங்க முடியாததாக ஆக்கின, அவை எதுவும் இதில் இல்லை. நல்ல நடிகர்கள், பத்து எபிசோட் உழைப்பு, எல்லாம் வீண்.

முடியாத காரியம் இல்லை என்பதற்கு உங்கள் 'கோஸ்ட்ஸ்' இருக்கிறது. பிரிட்டிஷ் ஒரிஜினலில் ஒரு இங்கிலாந்து மாளிகையில் குகை மனிதனும் கவிஞனும் பேன்ட் இல்லாத எம்.பி.யும் பேயாக அலைந்தார்கள். 2021ல் சி.பி.எஸ். எடுத்தபோது வைக்கிங், லெனாபே பழங்குடி மனிதர், மதுவிலக்குக் கால ஜாஸ் பாடகி, பேன்ட் இல்லாத வால் ஸ்ட்ரீட்காரர் என்று அந்த மண்ணில் செத்தவர்களாகவே பார்த்து வைத்தார்கள். அது ஓடியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். உரிமை வாங்கும் முன்னால் எழுத்தாளரைக் கூப்பிட்டு, இந்தக் கதையில் வருகிறவர்களில் யாரை உனக்கு நேரில் தெரியும், அவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தவரிடம் பொறுப்பைக் கொடுங்கள், இரண்டு சீசனாவது விடுங்கள், ஸ்கிரிப்டில் கை வைக்காதீர்கள். யாருக்கும் சொல்லத் தெரியவில்லையென்றால் ரீமேக் வேண்டாம், அந்தப் பணத்தில் ஒரிஜினலையே வாங்கி, வெட்டாமல், நல்ல நேரத்தில் ஒளிபரப்புங்கள்.