அப்பாவின் அளவுகோலும் விமான நேரமும்

லண்டன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்தான். இங்கே சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. அலுவலகத்திலிருந்து வெளியே வரும்போது நடுராத்திரி மாதிரி இருக்கிறது. இதற்குப் பழகவே ஒரு குளிர்காலம் போதாது போலிருக்கிறது.

வேலை விஷயமாகப் போன வாரம் முதல்முறையாக நியூயார்க் போய்வந்தேன். டிக்கெட்டை அனுப்பியதும் நீங்கள் போனில் கேட்டீர்களே, "காலை 11 மணிக்குக் கிளம்பி மதியம் 2 மணிக்குப் போய்விடுவாயா? மூணே மணி நேரமா?" என்று. இல்லை அப்பா, இரண்டுமே அந்தந்த ஊர் நேரம். நியூயார்க் கடிகாரம் லண்டனைவிட 5 மணி நேரம் பின்னால் ஓடுகிறது. ஆக மொத்தம் 8 மணி நேரம். (அந்த மூன்று மணி நேரத்தில் உண்மையாகவே பறந்தது கான்கார்டு என்ற அதிவேக விமானம்தான். 1996-ல் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 2 மணி 53 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. 2003-ல் அதை நிறுத்திவிட்டார்கள். நமக்குக் கொடுத்துவைக்கவில்லை.)

அப்புறம் நீங்கள் சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்துத் தூரத்தை அளந்தது. அது சரிப்படாது. அந்த வரைபடம் உருண்டையைப் பிய்த்துத் தட்டையாக ஒட்டியது. வடக்கே போகப் போக எல்லாம் பெரிதாகிவிடும். தம்பியின் பூகோள உருண்டையை எடுங்கள். லண்டனில் நூலின் ஒரு நுனியை வைத்து, நியூயார்க் வரை இறுக்கிப் பிடியுங்கள். நூல் அயர்லாந்தைத் தாண்டி, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துப் பக்கம் ஒதுங்கி இறங்கும். என் இருக்கைத் திரையில் விமானம் வளைந்து போனதும் ஏறக்குறைய அப்படித்தான். சுற்றுவழி மாதிரி தெரிந்தாலும் அதுதான் குறுக்குவழி. உருண்டையின் விட்டம் 30 செ.மீ. என்றால் நூல் 13 செ.மீ. வரும். ஒரு செ.மீ.க்கு 425 கி.மீ. போட்டுப் பாருங்கள், லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்கும் உள்ள சுமார் 5,540 கி.மீ. கிட்டத்தட்ட வந்துவிடும்.

அதை விமானத்தின் வேகமான மணிக்கு 900 கி.மீ.யால் வகுத்தால் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல்தானே, மீதி எங்கே போயிற்று என்பீர்கள். டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் இல்லை, இங்கே விமானம் ஏறும் வாசலிலிருந்து அங்கே இறங்கும் வாசல் வரைக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கி ஊர்வது எல்லாம் அதில் சேர்த்தி. தாமதம் என்ற பெயர் வரக்கூடாது என்று கம்பெனிகள் கொஞ்சம் கூட்டியும் போட்டுக்கொள்வார்கள். கெட்டிக்காரத்தனம்தான்.

இதோடு காற்றும் உண்டு. பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்று ஓடுகிறது. போகும்போது அதை முட்டிக்கொண்டு போக வேண்டும். வரும்போது அது முதுகில் கைவைத்துத் தள்ளும். திரும்பும்போது திரையில் வேகம் 1,080 கி.மீ. என்று காட்டியது, கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். டிக்கெட்டிலும் திரும்பும் பயணம் 7 மணி நேரம்தான்.

அவ்வளவு வேகமாக வந்து என்ன? 40 நிமிடம் முன்னாலேயே இறங்கிவிட்டோம், நிறுத்த இடம் காலியில்லை. விளக்கெல்லாம் எரிய, எல்லோரும் பையைத் தலைக்கு மேலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு 35 நிமிடம் உட்கார்ந்திருந்தோம். நீங்கள் "இறங்கிட்டியா?" என்று செய்தி அனுப்பியது அப்போதுதான். என்ன பதில் போடுவது என்று தெரியாமல்தான் சும்மா இருந்தேன்.

நூலை எடுத்தால், அப்படியே லண்டனிலிருந்து நம் வீட்டுக்கும் பிடித்து எத்தனை செ.மீ. என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்