எண்ணெய்த் தீவுகளில் உழைத்தவர்களின் நினைவுகளைத் தமிழில் பதிவு செய்யக் கோரும் மனு

பெறுநர்:
இயக்குநர்,
வாய்மொழி வரலாற்று நிலையம்,
சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் அப்பா புலாவ் புக்கோம் தீவிலுள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ஷிஃப்ட் வேலை பார்த்தவர். வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டை தனி வாளிக்குப் போகும். எண்ணெய் வாடை மற்ற துணிகளில் ஏறிவிடுமாம். இரவில் கடலுக்கு அப்பால் ஆலைக் குழாயின் உச்சியில் எரியும் நெருப்பைப் பார்த்துவிட்டுத்தான் அம்மா உலை வைப்பார். "இன்னிக்கு உசரமா எரியுது, அப்பா வர நேரமாகும்" என்பார். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும்.

அப்பா சென்ற ஆண்டு காலமானார். அவர் பேச்சை நான் பதிந்து வைக்கவில்லை. அவருடன் படகேறியவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள், எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள். அதனால்தான் இந்த மனு.

புக்கோமில் 1891-இலேயே மண்ணெண்ணெய்க் கிடங்கு வந்தது. நாட்டின் முதல் சுத்திகரிப்பு ஆலை 1961-இல் அங்கேதான் திறக்கப்பட்டது. எண்ணெய், வேதிப்பொருள் ஆலைகளுக்காக ஏழு தீவுகளை இணைத்த ஜூரோங் தீவு 2000-இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. இப்போது பேச்செல்லாம் ஆலைகள் வெளியிடும் பசுங்குடில் வாயுக்களுக்கான கரிம வரியைப் பற்றித்தான்: டன்னுக்கு 2024-இல் 25 வெள்ளி, 2026 முதல் 45 வெள்ளி. கணக்கு தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் எண்ணெயை நம்பி வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிக்கவைத்த ஒருவர் பருவநிலை மாற்றச் செய்தியை என்ன மனநிலையில் கேட்கிறார்? பெருமையா, குற்ற உணர்வா, எரிச்சலா? இதை டன் கணக்கில் அளக்க முடியாது. மானுடவியல் படித்தவர்கள் வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, பொறுமையாகக் கேட்க வேண்டும்.

ஓய்வு பெற்றவர்களோடு நிறுத்திவிடாதீர்கள். ஜூரோங் தீவில் இன்று சாரம் கட்டும் தமிழகத் தம்பிகளையும் கேளுங்கள். அவர்களுக்கு இந்த நாட்டில் இருக்கவும் ஒரு பெர்மிட், வெல்டிங் தீயைப் பற்றவைக்கவும் ஒரு பெர்மிட். ஒரே சொல்லில் அவர்கள் வாழ்க்கை பாதி அடங்கிவிடுகிறது. உச்சிவெயிலில் இரும்புக் குழாய்மேல் நிற்பவருக்கு வெப்பத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும்.

அப்புறம், மனைவிமார். நெருப்பைப் பார்த்து நேரம் சொன்னவர்களை இதுவரை யாரும் பேட்டி எடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பேட்டிகள் தமிழிலேயே நடக்க வேண்டும். எழுத்து வடிவமும் தமிழில் வேண்டும். அப்பாவின் நண்பர்கள் நால்வர் பேசச் சம்மதித்திருக்கிறார்கள். ஒருவருக்கு அடுத்த மாதம் இதய அறுவை சிகிச்சை. அதற்கு முன் யாரையாவது அனுப்ப முடியுமா என்று தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகள்