செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர் பெருமக்களே, வராதவர்களிடம் இதைக் காது மூக்கு வைத்துச் சொல்லப்போகும் நண்பர்களே, வணக்கம்.

வழக்கமான பணிகளை முதலில் முடித்துவிடுகிறேன். ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றினோம். பொங்கலுக்கு விளையாட்டுப் போட்டி நடந்தது. கண் சிகிச்சை முகாமுக்கு நல்ல கூட்டம். ஏரிக்கரையில் மரக்கன்று நட்டோம்; ஆடுகள் விட்டுவைத்தவை வளர்கின்றன.

அடுத்து, டீக்கடை வரைக்கும் போன விஷயம். பென்னாகரம் சுற்றுவட்டாரத்தில் சில அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் குழந்தை உரிமை வகுப்பு நடத்தினோம். வட்டாரக் கல்வி அலுவலரிடம் அனுமதி வாங்கி, பொதுக்குழுவில் தீர்மானம் போட்டுத்தான் செய்தோம். "செயலாளர் தன் இஷ்டத்துக்கு நடத்துகிறார்" என்று சொல்கிறவர்கள், அன்றைக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நழுவியவர்கள் என்பதையும் இங்கே பதிவுசெய்கிறேன்.

சின்னப் பிள்ளைக்கு உரிமையைச் சொல்லிக்கொடுத்தால் பெரியவர்களை மதிக்குமா என்று கேட்டார்கள். ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கை 1989-இல் வந்தது, 1992-இல் இந்தியா ஏற்றுக்கொண்டது. அதன் 54 பிரிவுகளையும் நாங்கள் ஒப்பிக்க வைக்கவில்லை. சோறு, சைக்கிள், விளையாட்டு நேரம், செல்போன் என்று சீட்டெழுதிக் கொடுத்து, எது தேவை, எது ஆசை என்று பிரிக்கச் சொன்னோம். செல்போன் சீட்டு வந்ததும் சண்டைதான். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்கும் அம்மாவிடம் பேச வேறு வழி இல்லை, அதனால் அது தேவைதான் என்று ஒரு பையன் வாதாடினான். பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைகள் எல்லாரும் அவன் பக்கம் போய்விட்டார்கள். பெற்றோரைப் பிரிந்திருக்கும் பிள்ளைக்கு அவர்களோடு தொடர்பில் இருக்க உரிமை உண்டு என்கிறது 9ஆம் பிரிவு. அதைப் படிக்காமலேயே அவன் சொன்னான். அவன் பேசி முடிக்கும்வரை ஒருவரும் குறுக்கே பேசவில்லை. நம் செயற்குழுவில் அப்படி ஒரு நாளை நான் பார்த்ததில்லை.

இன்னொரு பள்ளியில் ஒரு பெண்பிள்ளை, "கக்கூசுக்குத் தண்ணி ஊத்த எப்பவும் எங்களையே ஏன் அனுப்பறாங்க?" என்று கேட்டாள். 'எங்களை' என்றால் யாரை என்று இந்தச் சபையில் விளக்கவேண்டியதில்லை. தீண்டாமை பெருங்குற்றம் என்று பாடப்புத்தகத்தின் முன்பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது. அவள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் கேட்டாள். விஷயம் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் போனது. இப்போது அந்த வேலைக்குக் கூலி கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் யாரும் போவதில்லை.

அடி விஷயத்தில்தான் பெற்றோரோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று வாத்தியாரிடம் சொல்லி வளர்ந்த ஊர் இது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் தடுக்கிறது என்றால், "அப்புறம் எப்படி சார் படிக்கும்?" என்கிறார்கள். இந்த ஆண்டு இது பாதிதான் நடந்தது.

ஆபத்தில் இருக்கும் குழந்தைகளுக்கான 1098 என்ற உதவி எண்ணைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். அதன் பிறகு ஒரு வீட்டில், பத்தாவது படிக்கும் பெண்ணுக்குப் பேசிய கல்யாணம் நின்றது. எந்த ஊர், யார் போன் செய்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். சங்கம் குடும்ப விஷயத்தில் மூக்கை நுழைக்கிறது என்று சிலர் அதோடு சந்தாவை நிறுத்திவிட்டார்கள். பெண்ணுக்குக் கல்யாண வயது பதினெட்டு என்பது 2006-இன் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், சங்கத்தின் விதியல்ல. வேண்டாத பெண்சிசுவைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுவிடச் சொல்லும் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-இல் நீட்டிக்க வேண்டிவந்த மாவட்டங்களில் நம் தருமபுரியும் ஒன்று. குழந்தை உரிமை நமக்கு வெளியூர்ச் சரக்கு என்று எந்த முகத்தோடு சொல்வது?

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். வந்தது ஏறக்குறைய செலவாகிவிட்டது, கையிருப்பு என்று பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. சீட்டு, அட்டை, பஸ் செலவெல்லாம் பெரிய தொகையல்ல. சிலவற்றுக்கு ரசீது இல்லை, பஸ் டிக்கெட்டைச் சேர்த்துவைக்கும் பழக்கம் எனக்கில்லை. ஆண்டுச் சந்தா 300 ரூபாய். கட்டாதவர் பட்டியல் கட்டியவர் பட்டியலைவிட நீளம். பெயர்களை வாசிக்கவேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் என் பையில் இருக்கிறது.

இடம் தந்த தலைமையாசிரியர்கள், ஆசிரியர்கள், மைக்செட் தந்த அன்பர், இன்றைக்குத் தேநீர் தரும் உறுப்பினர் ஆகியோருக்கு நன்றி.

வரும் ஆண்டில் ஏரியூர் பக்கத்துப் பள்ளிகளிலும் வகுப்பு நடத்தக் கேட்கிறார்கள். மலையடிவாரத்துக்கு மாலையில் பஸ் குறைவு. வண்டி வைத்திருக்கும் இளைஞர்கள் இரண்டு பேர் வெள்ளிக்கிழமை மதியத்தை ஒதுக்கினால் போதும். முடியாதென்றால் செயலாளர் பொறுப்பையே யாராவது எடுத்துக்கொள்ளலாம், மினிட் நோட்டும் அலமாரிச் சாவியும் கொண்டுவந்திருக்கிறேன். ரசீதுப் புத்தகம் வாசலில் பொருளாளரிடம் இருக்கிறது. தேநீர் அதற்குப் பக்கத்து மேசையில்தான்.