அளத்துச் சைக்கிளும் அருளின் சைக்கிளும்

டொராண்டோ,
நவம்பர் 24

அன்புள்ள சேவியர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. மதினிக்கு முட்டுவலி குறைந்து மாடிப்படி ஏறுகிறார்கள் என்று படித்ததும் மனசு லேசானது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் போன உப்பளத்தை நீ திரும்பவும் பாத்தி கட்டி உப்பு வாருகிற நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறாய். அந்த வெள்ளைக் குவியலை நேரில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்றிருக்கிறது எனக்கு.

உன் மகன் அருளைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வாட்டர்லூ போயிருந்தேன். நன்றாக இருக்கிறான், கவலைப்படாதே. நீ கொடுத்தனுப்பிய மக்ரூனில் ஒரு டப்பா எனக்கென்று எடுத்து வைத்திருந்தான். பிறகு, "சித்தப்பா, ஒண்ணு காட்டணும்" என்று கீழ்த்தளத்துக்குக் கூட்டிப் போனான். பழையது வாங்கினானே, அந்த ரோடு பைக். அலுமினியம் பிரேம், முன் ஃபோர்க் கார்பன், ஒரு கையால் தூக்கிவிடலாம். அதன் செயின் செங்கல் நிறத்தில் இருந்தது. வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகிவிட்டது.

நடந்தது இதுதான். முதல் பனி விழுந்த அன்றே, அதை உருக்க ரோட்டில் உப்பு தூவுகிற லாரி வந்துவிட்டது. அந்தச் சேற்றில் வகுப்புக்குப் போய் வந்தவன், சைக்கிளுக்குக் குளிருமே என்று வீட்டைச் சூடாக்கும் அடுப்புப் பக்கத்தில் நிறுத்திவிட்டுத் தூங்கிவிட்டான். பிள்ளை நல்லது என்று நினைத்துத்தான் செய்தான். ஆனால் உப்புத் தண்ணீர் பட்ட இரும்பு குளிரில் மெதுவாகத்தான் துருப்பிடிக்கும். அதே ஈரத்தோடு சூட்டில் கொண்டுபோய் வைத்தால் வேகம் பிடித்துவிடும். சைக்கிள் ரோட்டில் கெடுவதை விட, வீட்டுக்கு வந்து சும்மா நிற்கிற நேரத்தில்தான் அதிகம் கெடுகிறது. நீ அவனிடம் போனில் பேசும்போது இந்த ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்.

இங்கே போடுகிற உப்பு எங்கிருந்து வருகிறது தெரியுமா? வாட்டர்லூவிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் போனால் கோடரிச் என்று ஹ்யூரான் ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர். 1866இல் எண்ணெய் கிடைக்குமா என்று துளை போட்டவர்களுக்கு அங்கே உப்புப் படுகை கிடைத்தது. 1959இல் திறந்த சுரங்கம் இன்றும் ஓடுகிறது. சுமார் 550 மீட்டர் ஆழத்தில், ஏரிக்கு அடியிலேயே வெட்டிக்கொண்டு போகிறார்கள். உலகத்திலேயே பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் அது. நீங்கள் கடல் தண்ணீரை வெயிலில் காயவைத்து எடுப்பதும் இவர்கள் பாறையாக உடைத்து எடுப்பதும் ஒரே சரக்குதான். நம் ஊரில் அது சோற்றுக்கு, இங்கே ரோட்டுக்கு. ரோட்டுக்குப் போனது பனி உருகும்போது ஓடைகளுக்குள் இறங்குகிறது, அதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

இரண்டும் ஒரே உப்பு என்பதால்தான் எனக்கு அப்பா நினைவு வந்தது. அளத்துக்குப் போய் வந்த அவருடைய சைக்கிளை நீயும் பார்த்திருக்கிறாய். நம் தெருவில் மற்றவர்கள் சைக்கிளில் ரிம் உதிர்ந்து போகும், அவருடையது மட்டும் அப்படியே இருக்கும். சாயங்காலம் எவ்வளவு களைப்பாக வந்தாலும் சரி, ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றாமல் திண்ணையில் உட்கார மாட்டார். குடிக்கிற தண்ணீரே வண்டியில் வருகிற ஊரில் இது என்ன அநியாயம் என்று அம்மா சத்தம் போடுவாள். அவர் பதில் பேசாமல் துணியால் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, மிச்ச எண்ணெயையும் துடைத்து எடுத்துவிடுவார். இத்தனை வருடம் இங்கே சைக்கிள் ஓட்டியும் அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் நான் கற்றுக்கொள்ளவில்லை.

அருளுக்கு அதையேதான் செய்து காட்டினேன். வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு வாளி, பாத்திரம் கழுவுகிற சோப்பு ரெண்டு சொட்டு, ஒரு ஸ்பாஞ்ச். மேலிருந்து கீழே துடைத்து வரவேண்டும். பிரேக், பெடல் அச்சு, பிரேமின் அடிப்பக்கம், இந்த இடங்களில்தான் சேறு ஒளிந்திருக்கும். கார் கழுவுகிற இடத்தில் பீய்ச்சி அடிக்கிற குழாய் பக்கமே போகக்கூடாது, அந்த வேகத்தில் பேரிங்குக்குள் தண்ணீர் ஏறிவிடும். கழுவியதும் டயரைத் தரையில் ரெண்டு தரம் தட்டி நீரை உதற வேண்டும். பழைய பனியனுக்குள் செயினை ஓடவிட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய். மழைக்கென்று கெட்டியாக விற்கிறார்களே, அந்த எண்ணெய். பத்து நிமிடம் ஊறியதும் வெளியில் இருப்பதையெல்லாம் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அதில் மண் ஒட்டிக்கொண்டு அரம் மாதிரி பல்சக்கரத்தைத் தேய்க்கும். டிஸ்க் பிரேக் தட்டில் மட்டும் ஒரு துளி எண்ணெய் படக்கூடாது. காய்கிற, ஊறுகிற நேரம் போக எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம். பரீட்சை நாளில் அதுவும் முடியாது என்றால், ஒரு சொம்புத் தண்ணீரைச் செயினில் ஊற்றித் துடைத்து, எண்ணெய் விட்டுவிட்டாவது படு என்றேன்.

"அலுமினியம்தானே சித்தப்பா, துருப்பிடிக்காதே" என்றான். சிவப்பாகத் துருப்பிடிக்காது, உண்மை. ஆனால் அலுமினியத்தில் இரும்பு போல்ட்டை முறுக்கி நடுவில் உப்புத் தண்ணீரை விட்டால் அது ஒரு பேட்டரி. அலுமினியம்தான் கரையும். போல்ட்டைச் சுற்றி வெள்ளையாக மாவு பூக்கும், பெயிண்ட் கொப்புளிக்கும். கார்பனும் அலுமினியமும் தொடுகிற இடத்திலும் இதே கதைதான்.

நான் பட்டது இது. இங்கே வந்த புதிதில் ஓட்டிய இரும்பு பிரேம் சைக்கிளில் அலுமினிய சீட் கம்பி. ரெண்டு குளிர்காலம் அதைக் கழற்றவே இல்லை. வசந்தத்தில் சீட்டை உயர்த்தப் பார்த்தால் அசையவில்லை. எண்ணெய் ஊற்றி, தட்டி, முறுக்கி, கடைசியில் கடைக்காரர் கம்பியை அறுத்து, உள்ளே இருந்ததைக் கீற்றுக் கீற்றாக எடுத்தார். பிரேமும் கீறிப்போனது. ஆசையாக வாங்கிய சைக்கிள், இன்னும் ஆறவில்லை. அதனால் ஞாயிறன்றே அருளுடைய சீட் கம்பி, ரெண்டு பெடல், தண்ணீர் பாட்டில் போல்ட் எல்லாவற்றையும் கழற்றிக் கிரீஸ் தடவி மாட்டினோம். இடது பெடலின் திருகு மறை எதிர்ப்பக்கம் என்பதை மறந்து அவன் இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தான், நல்லவேளை பார்த்துவிட்டேன். மாதம் ஒருமுறை இப்படிக் கழற்றி மாட்டச் சொல்லியிருக்கிறேன்.

மட்கார்டு வாங்கக் காசு கொடுத்திருக்கிறேன், அதைத் திருப்பித் தருகிறேன் என்று எழுதாதே. முழு நீள மட்கார்டு, முன்னதன் நுனியில் ரப்பர் மடல். முன் சக்கரம் வாரி அடிக்கிற உப்புச் சேறு நேரே செயினிலும் பெடல் அச்சிலும்தான் போய் விழுகிறது, அதைப் பாதி வழியிலேயே தடுத்துவிடலாம்.

இன்னொன்றையும் அவனுக்கு விளக்கினேன். மைனஸ் பதினைந்தில் ரோடு காய்ந்து கிடந்தால் பயப்பட வேண்டாம், உனக்குத்தான் குளிரும், சைக்கிளுக்கு ஒன்றும் ஆகாது. பூஜ்யத்தை ஒட்டி, பனி உருகிச் சாம்பல் நிறக் கூழாகக் கிடக்கிற நாள்தான் ஆபத்து. சாதாரண உப்பு மைனஸ் பத்துக்குக் கீழே போனால் அவ்வளவாகப் பனியை உருக்காது. அப்போது கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு கலப்பார்கள். அவை காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், தானாகக் காய்ந்துவிடும் என்று விட முடியாது.

ஆனால் என் மனசில் பட்டதைச் சொல்கிறேன். ஜனவரி, பிப்ரவரியில் அந்தச் சைக்கிளை வெளியே எடுக்காமல் இருப்பதே நல்லது. உப்பில் ஓட்டுவதற்கென்றே மட்டமான பழைய சைக்கிள் ஒன்றை அவனுக்குத் தேடிக்கொண்டிருக்கிறேன். அதையும் கழுவத்தான் வேண்டும், இருந்தாலும் அது போனால் இவ்வளவு வலிக்காது. நல்ல சைக்கிளை வீட்டுக்குள் ஸ்டாண்டில் மாட்டி மிதிக்கப் போகிறானாம். மிதிக்கட்டும், ஹேண்டில்பார் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்ளச் சொல். வியர்வையும் உப்புதானே, சொட்டிச் சொட்டி போல்ட்டுகளை அரித்துவிடும்.

குவெல்ஃபிலிருந்து கோடரிச் வரைக்கும் பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள், 132 கிலோமீட்டர். பொடிக்கல் பாதை, அவனுடைய ஒல்லி டயருக்கு ஆகாது. என்னுடைய தடித்த டயர் சைக்கிளை அவனுக்குக் கொடுத்துவிட்டு நான் வேறொன்று எடுத்துக்கொள்கிறேன். ஜூன் மாதம் ரெண்டு நாளில் போய்ச் சேருவோம். கரையில் உப்பு ஏற்ற வந்து நிற்கிற கப்பலைப் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்கிறேன். அந்த நேரம் உங்கள் பக்கம் உப்பு வாருகிற மும்முரமாக இருக்கும். நீயும் உன் குவியலைப் படம் எடுத்து அனுப்பு.

மதினியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் ராஜன்