ஆறு தலைக்குப் பூ

அன்புள்ள பாப்பாவுக்கு,

கல்யாணத்துக்கு ஆறு பெண்களுக்குத் தலையில் பூ வைக்க வேண்டும் என்றாயே, அதற்குச் சரம் கட்டுவது எப்படி என்று நேற்று வீடியோவில் கட்டிக் காட்டினேன். "கை தெரிகிறது அம்மா, நூல் தெரியவில்லை" என்றாய். வெள்ளைப் பூவில் வெள்ளை நூல் எப்படித் தெரியும்? அதனால்தான் எழுதுகிறேன். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்துக்கொள்.

முதலில் மல்லிகை ஆசையை விட்டுவிடு. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் இரண்டு கிலோ மொட்டு வாங்கி, மெல்போர்ன் வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்று நானும் கணக்குப் போட்டேன். உங்கள் ஊர் விமான நிலையத்தில் பூ, பழம், விதை எதையும் லேசில் விடமாட்டார்களாம்; அப்பா சொன்னார். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று சொன்னால் அந்த அதிகாரி கேட்கவா போகிறார்?

ஆனால் மல்லிகையின் புத்தியை மட்டும் எடுத்துக்கொள். விடியுமுன் பறித்த மொட்டு அந்தியில்தான் வாய் திறக்கும். கடையில் மலர்ந்திருப்பது அழகு பார்க்க. தலையில் வைக்க மொட்டுதான். உன் சித்தி கல்யாணத்துக்கு, மலிவாகக் கிடைக்கிறதே என்று முதல் நாள் இரவே மலர்ந்துவிட்ட பூவை வாங்கிக் கட்டினேன். முகூர்த்த நேரத்தில் எல்லாம் டீத்தூள் நிறம். இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள். எனவே ரோஜா வாங்கினால் பாதி விரிந்ததை வாங்கு. நீ படம் அனுப்பியிருந்தாயே, மெழுகுப்பூ, அது உங்கள் நாட்டுச் செடியாம். கனகாம்பரத்தைப் போல் எடையில்லாமல், லேசில் வாடாமல் நிற்கும் என்றாய். அதை நிறைய வாங்கு. உன் பக்கத்து வீட்டு வேலியில் இளஞ்சிவப்பு மொட்டோடு படர்ந்திருக்கும் மல்லிகையில் வாசனைக்கு நான்கு கொத்து போதும். கேட்டுவிட்டுப் பறி. அரளியை மட்டும் தொடாதே, அது விஷம். நம் ஊரில் சாமிக்குத்தான் சாத்துவோம், சடைக்கு வைப்பதில்லை.

சனிக்கிழமை காலைக் கல்யாணம் என்றால் வியாழக்கிழமையே பூ வீட்டில் இருக்க வேண்டும். இலையை உருவிவிட்டு, காம்பின் நுனியைச் சாய்வாக வெட்டி, இரவு முழுக்க வாளித் தண்ணீரில் நிறுத்து. வயிறு நிறையக் குடித்த பூதான் மறுநாள் தண்ணீரில்லாமல் தாக்குப்பிடிக்கும்.

இனிக் கட்டுவது. பருத்தி நூல் வாங்கி நனைத்துக்கொள். பாலியெஸ்டர் நூல் வழுக்கும், இழுத்தால் காம்பையும் அறுக்கும். நூலின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் சுற்று. (நாற்காலியில் உட்கார்ந்து பூக்கட்ட வராது, தரையில் உட்கார்.) இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இரண்டு மொட்டு இந்தப் பக்கம் பார்க்க, இரண்டு அந்தப் பக்கம் பார்க்க, காம்புகள் ஒன்றன் மேல் ஒன்று குறுக்காகக் கிடக்கட்டும். வலது கை விரலில் நூலை ஒரு திருகு திருகினால் கண்ணி விழும். அதைக் காம்புகளின் மேல் மாட்டி மெதுவாக இழு. இழுக்கும்போது 'சுருக்' என்று பிடித்த உணர்வு விரலுக்குத் தெரியும். அங்கேயே நிறுத்து. அதற்கு மேல் போனால் மொட்டு தனியே, காம்பு தனியே வரும். அடுத்த கண்ணி இதை ஒட்டியே விழ வேண்டும்; இடைவெளி விட்டுக் கட்டினால், கடைக்காரி முழத்தில் ஏமாற்றியது போல இருக்கும். இரண்டு முனையிலும் ஒரு சாண் நூல் விடு, பின்னலில் முடிய வேண்டுமே.

ஆறு பேரில் இரண்டு பேருக்குக் குட்டை முடி என்கிறாய். அவர்களுக்குச் சரம் தொங்காது. நம் ஊரில் பூச்சடை தைக்க வாழைப்பட்டை இருக்கிறது. உனக்குக் கெட்டித் துணி போதும். பிறை வடிவில் வெட்டி, ஒரு சின்னச் சீப்பின் மேல் தைத்துவிடு. பிறகு பூக்களை வரிசையாகத் தை. ஊசி இதழில் குத்தக் கூடாது. இதழுக்குக் கீழே பச்சையாகத் தடித்திருக்கும் பாகத்தில் குத்து. இதழில் குத்திய இடம் விடிவதற்குள் கறுத்துவிடும்.

கனத்தைக் குறை. என் கல்யாணத்துக்குச் சடை தைக்க வந்த அம்மாள் கைப்பழக்கக்காரிதான், ஆனால் கொண்டை ஊசிகளை மண்டையோட்டிலேயே இறக்கினாள். எல்லாப் படத்திலும் நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்பேன். தன்னைப் பிடிக்காமல்தான் அப்படி நின்றேன் என்று உன் அப்பா பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தார். ஊசியைக் குத்தியதும் "வலிக்கிறதா?" என்று ஒவ்வொருத்தியையும் கேள். வெட்கத்தில் இல்லை என்பார்கள். தலையை ஆட்டச் சொல்லிப் பார்.

வெள்ளி இரவு கட்டி முடித்ததும் டப்பாவில் ஈரத்துணி விரித்து அடுக்கி, குளிர்சாதனப் பெட்டியில் வை. பூவின் மேல் தண்ணீர் தெளிக்காதே, புள்ளி விழும். ஆப்பிள், வாழைப்பழத்தை அன்று ஒரு நாள் வெளியே எடுத்துவிடு. பழுக்கிற பழம் விடும் எத்திலீன் வாயு பட்டால் பூ சீக்கிரம் வாடும்.

கண்ணி கட்ட இன்றிலிருந்தே கொத்தமல்லிக் காம்பில் பழகு. பாட்டி எனக்கு அதில்தான் கற்றுக்கொடுத்தாள். தவறாகக் கட்டியதெல்லாம் அன்றைய ரசத்தில் போனது.

அன்புடன்,
அம்மா