ஒட்டு தெரியும் இடத்தைப் பார்: கதிருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கதிருக்கு,

'டேக் ஆன் மீ' பாட்டின் வீடியோ பற்றி நீ எழுதி அனுப்பிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1985, நார்வேக்காரர்களான ஆ-ஹா குழு, இயக்குநர் ஸ்டீவ் பேரன், ஓவியம் மைக்கேல் பேட்டர்சனும் கேன்டஸ் ரெக்கிங்கரும் என்று நீ தந்த தகவல் எல்லாம் சரிதான். காபிக்கடையில் காமிக்ஸ் படிக்கும் ஒருத்தியை, அதில் வரையப்பட்ட பந்தய வீரன் உள்ளே இழுத்துக்கொள்ளும் கதையையும் சொல்லிவிட்டாய். ஆனால் "பென்சில் ஓவியம் கனவுத்தன்மையைத் தருகிறது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த பத்திக்குத் தாவிவிட்டாய். கட்டுரை முழுக்க எழுத வேண்டியது அந்த வரிக்குள்தான் அடைந்து கிடக்கிறது. கனவு போல இருக்கிறது என்பதை ஆயிரம் வீடியோவுக்கு எழுதலாம். இந்த ஒன்றுக்கு மட்டும் பொருந்துவதைத் தேடு.

முதலில் எந்தப் பிரதியைப் பார்க்கிறாய் என்று கவனி. 2019இல் 4கே தரத்தில் புதுப்பித்தது குழுவின் அதிகாரபூர்வ யூடியூப் பக்கத்தில் இருக்கிறது. அதை மட்டும் எடுத்துக்கொள். பழைய டேப்பிலிருந்து யாரோ ஏற்றிய பிரதிகளில் கோடுகள் குழைந்து சாம்பல் திட்டுகளாகிவிடும். பென்சில் அழுத்திய இடமும் லேசாகத் தொட்ட இடமும் ஒன்றாகத் தெரியும். இன்னொரு சிக்கலும் உண்டு. பிலிமில் நொடிக்கு 24 பிரேம் (தனித்தனி நிலைப்படம்), அமெரிக்க டிவி டேப்பில் 30க்குச் சற்றுக் குறைவு. டேப்புக்கு மாற்றும்போது நான்கு பிலிம் பிரேமை ஐந்தாக நீட்டுவார்கள். அந்த ஐந்தில் இரண்டில் இரு படங்கள் கலந்து நிற்கும். இது தெரியாமல் டேப் பிரதியில் பிரேம் பிரேமாக எண்ணினால், இயந்திரம் செய்த கலப்பை ஓவியர் செய்த வேலை என்று எழுதிவிடுவாய்.

முதல் தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பார். இரண்டாவது தடவை திரையை மூடிவிட்டுப் பாட்டை மட்டும் கேள். மூன்றாவது தடவைதான் இரண்டும் சேர்த்து. வரிசையை மாற்றாதே. பாட்டோடு முதலில் பார்த்தால் பாட்டின் உற்சாகத்தைப் படத்தின் கணக்கில் எழுதிவிடுவோம்.

பிறகு ஷாட் பட்டியல். ஒரு வெட்டிலிருந்து (கட்) அடுத்த வெட்டு வரை ஓடுவது ஒரு ஷாட். எக்செலில் ஷாட்டுக்கு ஒரு வரிசை போதும். எண், தொடங்கும் நேரம், முடியும் நேரம், க்ளோசப்பா மிட்டா வைடா, கேமரா அசைகிறதா, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, அப்போது பாட்டில் எந்த இடம். கடைசிக் கட்டத்தில் ஒரே எழுத்து: நிஜப் படம் என்றால் 'நி', பென்சில் என்றால் 'ப', இரண்டும் ஒரே ஷாட்டில் இருந்தால் 'க'. யூடியூபில் நிறுத்திவைத்து முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒரு பிரேம் முன்னே போகும், காற்புள்ளி விசை பின்னே. பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் எழுதும் கட்டுரையில் ஞாபகம் மட்டும்தான் இருக்கும். ஞாபகம் ஷாட்டுகளின் வரிசையை மாற்றிவிடும். உன் கட்டுரையிலேயே பார், பந்தயத்தில் அவனோடு மோதும் இரண்டு பேர் ஸ்பானரோடு வந்த பிறகுதான் கடையில் பரிமாறும் பெண் புத்தகத்தைக் கசக்குவதாக எழுதியிருக்கிறாய். நடப்பது நேர்மாறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

பட்டியலின் முழு நீளத்தை ஷாட் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி வரும். அதை மட்டும் நம்பாதே. துரத்தல் காட்சியின் குட்டி ஷாட்டுகள் சராசரியைக் கீழே இழுத்துவிடும். ஷாட்டுகளை நீளப்படி அடுக்கி நடுவில் நிற்பதையும் எடு. நி, ப, க மூன்றுக்கும் தனித்தனியாக எடுத்தால் இன்னும் நல்லது.

இப்போது அந்தப் பென்சில். இதற்கு ரோட்டோஸ்கோப்பிங் என்று பெயர். மேக்ஸ் ஃப்ளைஷர் 1917இல் காப்புரிமை பெற்ற முறை. முதலில் நடிகர்களை வைத்து நிஜமாகவே படம் பிடித்துவிடுவார்கள். பிறகு ஒவ்வொரு பிரேமையும் அடியில் வைத்து மேலே காகிதத்தில் வரைவார்கள். இந்த வீடியோவுக்கு ஏறத்தாழ 3,000 பிரேம் வரைய 16 வாரம் ஆனது. வகுத்துப் பார், ஒரு நாளும் ஓய்வில்லாமல் வரைந்தாலும் தினம் 27 படம். நொடிக்கு 24 வீதம் ஓடவிட்டால் அந்த 3,000மும் இரண்டு நிமிடம் ஐந்து நொடியில் தீர்ந்துவிடும்.

கையால் வரைவதால் ஒரு விளைவு உண்டு. ஒரே கை தினமும் போடும் வாசல் கோலம்கூட நேற்றைய கோட்டின் மேல் அப்படியே விழாது. இங்கே நொடிக்குப் பல தடவை அந்த விலகல் நடக்கிறது. அதனால் நாயகனாக நடிக்கும் பாடகர் மார்ட்டன் ஹார்கெட் சும்மா நிற்கும்போதும் அவர் முகத்தின் கோடு நடுங்கிக்கொண்டே இருக்கும். அவர் கன்னத்து நிழலை மட்டும் பத்துப் பிரேம் தொடர்ந்து பார். கீறல்களின் திசையும் அடர்த்தியும் மாறிக்கொண்டே இருப்பது தெரியும். உடல் ஒன்றுதான், கோடு வேறு வேறு. அந்த ஓவிய நாயகன் ஒவ்வொரு கணமும் புதிதாக வரையப்பட்டால்தான் இருக்கிறான், வரைவது நின்றால் இல்லை. இதை நீ 'கனவு' என்றாய். நான் ஆபத்து என்பேன். கதையும் அந்தப் பக்கம்தான் போகிறது.

உன் 'க' ஷாட்டுகளுக்கு வா. வீடியோவின் அர்த்தம் மொத்தமும் அங்கேதான் என்பது என் கருத்து. நிஜமும் பென்சிலும் ஒட்டும் இடம் எங்கே இருக்கிறது, அது எப்படி இடம் மாறுகிறது என்று மட்டும் தொடர்ந்து போ.

முதல் ஒட்டு காபிக்கடை மேசையில். லண்டன் வாண்ட்ஸ்வர்த் சாலையில் இருந்த ஒரு நிஜக் கடையில் எடுத்தது. நாயகியாக நடிக்கும் பன்டி பெய்லி காமிக்ஸ் படிக்கிறாள், கட்டத்துக்குள் இருப்பவன் கண்ணடிக்கிறான், பென்சில் கை காகிதத்திலிருந்து நீள்கிறது. அவள் அதைப் பிடிக்கும் ஷாட்டை நிறுத்து. தோலும் கோடும் தொடும் விளிம்பைப் பார். கைக்கு நிழல் விழுகிறதா, கடையின் வெளிச்சம் கோட்டின் மேல் படுகிறதா என்று எழுதிவை. ஒட்டு இங்கே மணிக்கட்டளவுதான். காகிதத்தின் ஓரத்தில் நிற்கிறது.

இரண்டாவது ஒட்டு உள்ளே. கண்ணாடி போன்ற ஒரு சட்டம். அதன் வழியாகப் பார்த்தால் நிஜ முகம், சட்டத்துக்கு வெளியே பென்சில் முகம். இருவரும் அதைச் சுற்றி வருகிறார்கள். ஒரே ஆள் நிற்கும் இடத்தைப் பொறுத்து நிஜமாகிறான், கோடாகிறான். முதல் ஒட்டில் அவள் நிஜம், அவன் ஓவியம் என்று ஆளுக்கு ஒன்றாகப் பிரிந்திருந்தது. இப்போது நிஜம் என்பது ஆளின் குணமாக இல்லாமல் இடத்தின் குணமாகிவிட்டது. இதை உன் கட்டுரையின் நடுப்பகுதியில் வை.

மூன்றாவது ஒட்டு அவள் வீட்டு நடைவழியில். அவன் சுவருக்குச் சுவர் மோதுகிறான், ஒரு கணம் பென்சில், ஒரு கணம் சதை. சட்டமும் இல்லை, காகித விளிம்பும் இல்லை. ஒட்டு அவன் உடம்புக்குள்ளேயே போய்விட்டது. அதனால்தான் வலிக்கிறது. 1980இல் வந்த 'ஆல்டர்டு ஸ்டேட்ஸ்' என்ற ஹாலிவுட் படத்தின் காட்சி ஒன்று இதற்குத் தூண்டுதல். அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போ, அதுவே விளக்கம் ஆகிவிடாது. மணிக்கட்டில் தொடங்கிய ஒட்டு முழு உடம்பையும் எடுத்துக்கொள்கிறது என்பதுதான் விளக்கம்.

இப்போது அந்தக் கசக்கல். பரிமாறும் பெண் திரும்பி வருகிறாள், இருக்கை காலி. படித்துக்கொண்டிருந்தவள் காசு கொடுக்காமல் ஓடிவிட்டாள் என்று நினைத்துப் புத்தகத்தைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் எறிகிறாள். அதற்கு அடுத்துத்தான் பந்தயக்காரர்கள் ஸ்பானரோடு வந்து கண்ணாடியை உடைக்கிறார்கள். வெளியே காகிதம் கசங்கியதால் உள்ளே வன்முறை வந்தது என்று யாரும் வசனம் பேசவில்லை. இரண்டு ஷாட்டுகளை அடுத்தடுத்து வைத்ததில் காரணமும் விளைவும் பிறக்கின்றன. வரிசையை மாற்றி எழுதினால் இந்த அர்த்தமே போய்விடும்.

அந்தப் பெண்ணை வில்லி என்று நீ எழுதியது எனக்குச் சம்மதமில்லை. கதையில் வேலை செய்துகொண்டிருப்பவள் அவள். கொடுக்காத பில்லுக்குக் கோபப்படுகிறாள், அவ்வளவுதான். இரண்டு பேரின் காதல் உலகம் ஒரு காபி பில்லில் தடுக்கி விழுகிறது என்று எழுதினால், பணம், உழைப்பு பற்றிப் பேசக் கட்டுரையில் ஒரு வாசல் திறக்கும். அதே போல, கதாநாயகி இழுக்கப்படுபவள், காப்பாற்றப்படுபவள் என்று மட்டும் சொல்லாதே. காகிதச் சுவரைக் கிழித்து அவளை வெளியே அனுப்புவது அவன்தான். ஆனால் குப்பைத்தொட்டியிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிச் சுருக்கங்களைக் கையால் நீவிவிடுபவள் அவள். அதற்குப் பிறகுதான் அவன் எழுகிறான்.

இசையோடு பொருத்தும்போது ஒரு எச்சரிக்கை. "கட் எல்லாம் பீட்டில் விழுகிறது" என்று எழுதியிருக்கிறாய். இந்தப் பாட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 169 பீட் (தாளத் தட்டு). அதாவது எட்டரை பிரேமுக்கு ஒரு பீட். கண்ணை மூடிக்கொண்டு எங்கே வெட்டினாலும் ஏதாவது ஒரு பீட்டுக்கு நாலு பிரேம் பக்கத்தில்தான் விழும். அதனால் அந்த வாக்கியத்துக்கு மதிப்பில்லை. நாலு பீட் சேர்ந்த ஒரு சுற்றின் தொடக்கத்தோடு பொருத்திப் பார், அது 34 பிரேமுக்கு ஒரு முறை வரும். அங்கே கட் விழுந்தால் சொல்லலாம். பல்லவி தாழ்ந்த சுருதியில் தொடங்கிப் பொய்க்குரல் வரை ஏறுகிறது. அந்த உச்சியில் திரையில் நி இருக்கிறதா, ப இருக்கிறதா, க இருக்கிறதா என்று ஒவ்வொரு பல்லவிக்கும் உன் பட்டியலைப் பார்த்துக் குறி.

"வீடியோதான் பாட்டை ஜெயிக்கவைத்தது" என்ற வரியையும் திருத்து. 1984இல் வந்த முதல் வடிவத்துக்கு நீலப் பின்னணியில் குழு பாடும் சாதாரண வீடியோ இருந்தது உண்மை. ஆனால் 1985இல் மாறியது வீடியோ மட்டுமில்லை. ஆலன் டார்னியின் தயாரிப்பில் பாட்டையே மறுபடி பதிவுசெய்தார்கள். இரண்டும் சேர்ந்துதான் அந்த அக்டோபரில் அமெரிக்காவில் முதலிடம். 1986 எம்டிவி விருதுகளில் ஆறு கிடைத்ததை வீடியோவின் கணக்கில் தாராளமாக எழுது. ஆண்டின் சிறந்த வீடியோ விருது மட்டும் டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 'மனி ஃபார் நத்திங்'குக்குப் போனது, அதை எடுத்தவரும் ஸ்டீவ் பேரன்தான். கணினி அனிமேஷனில் ஒன்று, பென்சிலில் ஒன்று. ஒப்பிட்டு எழுத இடமிருந்தால் அதைச் சேர்.

முடிவைப் பற்றி ஒன்று. அவன் மனிதனாகி நிற்க, அவள் ஓடி வருகிறாள் என்பதோடு நீ நிறுத்திவிட்டாய். குழுவின் அடுத்த வீடியோ 'தி சன் ஆல்வேஸ் ஷைன்ஸ் ஆன் டிவி'. அதன் தொடக்கத்தையும் பார். அவன் உடம்பு மறுபடி கோடாகிறது, அவளை விட்டுவிட்டுத் திரும்பிப் போகிறான். அதையும் பேரன்தான் இயக்கினார். ஆகவே முதல் முடிவை வெற்றி என்று அறுதியாக எழுதாதே. முதல் வீடியோவைத் தனியாக எடுத்தால் ஒரு வாசிப்பு, இரண்டையும் சேர்த்தால் வேறு வாசிப்பு. இரண்டையும் பிரித்துச் சொல்.

திருத்தும்போது ஒவ்வொரு பத்தியிலும் ஒரு சோதனை செய். காபிக்கடையும் பென்சிலிலேயே இருந்திருந்தால் நீ சொல்லும் அர்த்தம் நிற்குமா? நின்றால் அது இந்த வீடியோவைப் பற்றியது இல்லை, வெட்டிவிடு. மஞ்சள் என்றால் நம்பிக்கை, நீலம் என்றால் சோகம் என்று நீ போட்டிருக்கும் வரிகள் இந்தச் சோதனையில் தானாகவே விழுந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது பட்டியலைத் திறந்து வைத்திரு. 'க' ஷாட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கண்ணாடிச் சட்ட ஷாட்டை மட்டும் முன்கூட்டியே பிரேம் பிரேமாக எடுத்து அனுப்பிவிடு. யார் எந்தப் பக்கம் போகும்போது கோடு தொடங்குகிறது என்பதில் எனக்கும் உனக்கும் கருத்து வேறுபாடு வரும் என்று தோன்றுகிறது.

அன்புடன்,
அம்மா