ஐயாவின் பிரேக் பாடம்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.
2025 ஒக்டோபர் 19

அன்பின் சிவா,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாளை தீபாவளி. காலி வீதியில் காலையிலிருந்தே கால் வைக்க இடமில்லை. புடவைக் கடைகளுக்கு முன்னால் சனம் நடைபாதை போதாமல் ரோட்டில் இறங்கி நடக்கிறது. இரவு யாழ்ப்பாணம் போகிற பஸ்களுக்குப் பின்னேரமே பைகளோடு வந்து நிற்கிறார்கள். அவர்களைப் பார்த்ததும் எனக்கும் ஏறி வந்துவிட வேண்டும் போல இருந்தது. இந்த முறை முடியவில்லை. இவளுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனால் தூரப் பயணம் இன்னும் சரிவராது.

உன் கடிதம் போன கிழமையே வந்துவிட்டது. எந்தக் கார் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். உடனே பதில் எழுதியிருந்தால் எரிபொருள், விலை என்று இரண்டு பக்கத்தில் முடித்திருப்பேன். வியாழக்கிழமை நடந்த ஒன்றுக்குப் பிறகு வேறு விதமாகத்தான் எழுத வருகிறது.

நாலரை மணி இருக்கும். தூறல். காலி வீதியில் பம்பலப்பிட்டிப் பக்கமிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். வேகம் 30, 35க்கு மேல் இல்லை. இடது பக்கம் ஒரு பஸ் ஆட்களை இறக்க நின்றது. அதைக் கடக்கிற நேரம் பஸ்ஸின் மூக்குக்கு முன்னாலிருந்து ஒரு குடை வெளியே வந்தது. குடையைத்தான் முதலில் கண்டேன், ஆளைக் காணவில்லை. கறுப்புக் குடை, ஒரு கம்பி துணியை விட்டுக் கழன்று தொங்கியது. காருக்குள் ஒரு கூச்சல் கேட்டது, முன் மீற்றரில் சிவப்பாக ஏதோ எரிந்தது, நானும் மிதித்தேன். பிரேக் பெடல் கட கடவென்று என் பாதத்தை உதறியது. சிவா, அந்த நேரத்தில் என் கால் என்ன செய்தது தெரியுமா? பெடலை விட்டு எழும்பியது.

கால் தளர்ந்தது. கார் தளரவில்லை. அது தானாகப் பிடித்த பிடியிலேயே நின்றது. கழன்ற அந்தக் கம்பி பொனட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. வயதான அம்மா ஒருவர். குடையைக் கொஞ்சம் உயர்த்தி என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, மற்றப் பக்கம் நடந்து போனார். நான் அடுத்த ஒழுங்கைக்குள் திருப்பி நிறுத்திவிட்டுக் கை நடுக்கம் அடங்கும் வரை இருந்தேன்.

இருந்தபோது உன் ஐயாவைத்தான் நினைத்தேன். 1982இல் கல்லுண்டாய் வெளியில் உங்களுடைய மொரிஸ் மைனரில் எங்கள் இரண்டு பேருக்கும் அவர் ஓட்டப் பழக்கினாரே, அப்போது சொன்னது அப்படியே காதில் கேட்டது: “ஒரேயடியாய் அமத்தாதை தம்பி. விட்டு விட்டு மிதி. சில்லு இறுகினால் கார் உன்ர சொல்லுக் கேளாது.” எவ்வளவு சரியான பாடம்! நாலு சில்லுக்கும் டிரம் பிரேக். கூட அமத்தினால் சில்லு சுற்றாமல் இறுகிப்போகும், இறுகிய சில்லோடு ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் நேரே வழுக்கிக்கொண்டுதான் போகும். அதை வெறும் அனுபவத்தில் அறிந்து எங்கள் கால்களுக்கு ஏற்றிவிட்டார். நாற்பது வருசத்துக்கு மேலாக என் கால் அதை மறக்கவில்லை. வியாழக்கிழமை மாறிச் செய்ததும் அந்தப் பழக்கத்தால்தான்.

ஏனென்றால் ஐயா காலால் செய்யச் சொன்னதை இப்போது காரில் உள்ள ஏ.பி.எஸ். என்ற பிரேக் அமைப்பு செய்கிறது. ஒவ்வொரு சில்லிலும் ஒரு சென்சர் இருக்கிறது. ஒரு சில்லு சட்டென்று இறுகப் போனால் அதற்குப் போகும் பிரேக் அழுத்தத்தை விட்டுப் பிடிக்கிறது, அதுவும் ஒரு செக்கனில் பல தடவை. காலில் தெரிகிற உதறல் அதுதான். பிரேக் பழுதாகவில்லை, வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். அந்த நேரம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: முழுப் பலத்தோடு மிதித்தபடியே இருந்து, ஸ்டியரிங்கால் விலக வேண்டும். நாங்கள் கல்லுண்டாயில் பழகியதற்கு நாலு வருசம் முந்தியே, 1978இல், பொஷ் கம்பனி இதைச் செய்து மெர்சிடிஸ் பெரிய காரில் பூட்டிவிட்டது. எங்கள் ஊருக்கு வரத்தான் அவ்வளவு காலம் எடுத்தது. வந்த பிறகும் கால்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கார் தானாகப் பிடித்தது வேறு ஒன்று. முன் கண்ணாடியின் மேல் நடுவில், உள் கண்ணாடிக்குப் பின்னால், ஒரு கமரா முன்னுக்குப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. சில கார்களில் அதோடு ராடரும் உண்டு. முன்னால் இருப்பதை இடிக்கப் போகிறோம் என்று அது கணக்குப் போட்டால் முதலில் கத்தும், நாம் அசையாவிட்டால் தானே பிரேக் பிடிக்கும். வொல்வோ 2008இல் ஒரு காரில் இதை எல்லோருக்குமாகப் போட்டுக் கொடுத்தது. இப்போது ஐரோப்பாவில் 2024 ஜூலையிலிருந்து விற்கிற புதுக் கார் எல்லாவற்றிலும் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஜப்பானில் 2021 நவம்பரிலிருந்து அங்கே வருகிற புது மொடல்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். அமெரிக்காவில் காப்புறுதிக் கம்பனிகள் நடத்துகிற ஆய்வு நிறுவனம் ஒன்று உண்மையான விபத்துகளை வைத்துப் பார்த்தபோது, இது உள்ள கார்கள் முன்னால் போகும் வாகனத்தின் பின்புறத்தில் மோதுவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. பாதி என்பது சின்ன விசயமில்லை.

ஆனால் இங்கே பலர் அதை அணைத்துவிட்டுத்தான் ஓடுகிறார்கள். எனக்குத் தெரிந்த நாலைந்து பேர் காரில் ஏறியதும் செய்கிற முதல் வேலை அந்தப் பொத்தானை அமத்திப் பிடிப்பது. ஓட்டோ குறுக்கே விழும்போதெல்லாம் கத்துகிறதாம், ரோட்டில் போட்ட கோட்டைத் தாண்டினால் கத்துகிறதாம். கோட்டு எச்சரிக்கையை வேண்டுமானால் நிறுத்தலாம், கொழும்பில் பாதிக் கோடுகள் அழிந்துபோய்க் கிடக்கின்றன. பிரேக்கை நிறுத்தாதே. நானும் ஒரு காலம் நிறுத்தப் பார்த்தவன்தான். அந்தக் கதையையும் சொல்ல வேண்டும்.

போன வருசம் ஏ9 வீதியில் வவுனியா தாண்டி வரும்போது லொறி ஒன்றின் சில்லு எறிந்த கல் முன் கண்ணாடியில் பட்டு வெடித்தது. இங்கே ஓரிடத்தில் கண்ணாடி மாற்றினேன். கண்ணாடியை வடிவாகத்தான் போட்டார்கள். கமராவைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. அதற்குப் பிறகு வெறும் ரோட்டில் கத்தும், கத்த வேண்டிய இடத்தில் பேசாமல் இருக்கும். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அணைத்துவிடலாம் என்று யோசித்த நேரத்தில், கராஜில் ஒரு பெடியன் கேட்டான்: “அங்கிள், கண்ணாடி மாத்தின பிறகு கமரா செட் பண்ணினனீங்களோ?”

அவன் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். காரைச் சமதரையில் விட்டு, நாலு சில்லுக்கும் காற்றுப் பார்த்தான். முன் சின்னத்தின் நடுவிலிருந்து ஒரு நூலில் குண்டு கட்டித் தொங்கவிட்டுத் தரையில் சோக்கால் புள்ளி வைத்தான். பின்பக்கமும் அப்படியே. இரண்டு புள்ளிகளையும் சேர்த்து முன்னுக்கு நேர்கோடு இழுத்து, அளவு நாடா பிடித்து அளந்து, கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட பலகை ஒன்றை நிறுத்தினான். அந்தப் பலகையைக் கமராவுக்குக் காட்டித்தான் கம்ப்யூட்டரில் திருத்தினான். கமரா இம்மியளவு சரிந்தாலும் தூரத்தில் பார்க்கிற இடம் நிறைய விலகிப்போகும் என்றான். கோயில் கட்டுகிற ஆசாரி நூல் பிடிக்கிற கவனம் அவன் கையில் இருந்தது. அன்று அவன் அதைச் செய்திராவிட்டால் அந்த அம்மாவின் குடை வந்தபோது என் கார் குருடாகத்தான் இருந்திருக்கும்.

அதனால் நீ கார் பார்க்கும்போது மொடலின் பெயரை மட்டும் பார்க்காதே. ஐந்து வருசமாக நிறுத்தியிருந்த இறக்குமதியை இந்தப் பெப்ரவரியில் திறந்த பிறகு ஜப்பான் கார்கள் நிறைய வருகின்றன. ஒரே வேகன் ஆர், ஒரே வருசம், ஒன்றில் இது இருக்கும், மற்றதில் இருக்காது. கண்ணாடியின் மேலே கமரா இருக்கிறதா என்று கண்ணால் பார். ஒக்சன் ஷீட்டில், அதாவது ஜப்பானில் ஏலம் விடும்போது காரின் நிலையை எழுதித் தருகிற தாளில், முன் கண்ணாடி மாற்றியதாக இருந்தால் கமராவைத் திருத்தினார்களா என்று கேள். மீற்றரில் வருகிற எழுத்தெல்லாம் ஜப்பான் மொழியில் இருக்கும். எந்த எச்சரிக்கைக்கு என்ன அர்த்தம் என்று விற்கிறவரைக் கொண்டே சொல்ல வைத்து ஒரு தாளில் தமிழில் எழுதிக் காருக்குள் வை. காரை ஓட்டப் போகிற துளசிக்கும் உதவும்.

அப்புறம் ரயர். எத்தனை கமரா இருந்தாலும் ரோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு உள்ளங்கையளவு றப்பர்தான். ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் ஒரு சின்ன வட்டத்துக்குள் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டு 23ஆம் கிழமை செய்தது. ரயரில் பள்ளங்கள் ஆழமாக இருக்கின்றனவே என்று ஏமாறாதே, பழைய றப்பர் இறுகியிருக்கும், மழையில் பிடிக்காது.

இன்னொன்று மறந்துவிடுவேன். இ.எஸ்.சி. என்று ஒன்று உண்டு, ஏ.பி.எஸ்ஸின் தம்பி என்று வைத்துக்கொள். சட்டென்று வெட்டித் திருப்பும்போது கார் சுழலப் பார்த்தால், எந்தச் சில்லைப் பிடித்தால் நேராகும் என்று பார்த்து அதை மட்டும் பிடிக்கும். 1997இல் சுவீடனில் ஒரு சஞ்சிகைக்காரர்கள் மெர்சிடிஸின் புதிய சின்னக் காரை, ரோட்டில் காட்டு மான் வந்தால் விலகுவது போல வெட்டித் திருப்பிப் பார்த்தார்கள். கார் கவிழ்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கம்பனி விற்பனையை நிறுத்தி, அதுவரை விலையுயர்ந்த கார்களில் மட்டும் இருந்த இதை அந்தச் சின்னக் காரில் எல்லாவற்றுக்கும் பூட்டியது. எங்களுக்கு மானுக்குப் பதில் மாடு. வன்னிக்குள் இரவில் ஏ9 தாரின் சூட்டுக்கு மாடுகள் படுத்திருப்பது உனக்குத் தெரியும். அங்கே இ.எஸ்.சி. கைகொடுக்கும். ஆனால் தானாகப் பிரேக் பிடிப்பதை நம்பி விடாதே. அது வாகனத்தையும் ஆட்களையும் அடையாளங்காணத்தான் பழக்கப்பட்டது. கறுப்பு மாடு இருட்டில் படுத்திருந்தால் அதற்குத் தெரியும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. வெயிலும் அப்படித்தான். பொழுதுபடுகிற நேரம் இங்கே கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கைகளில் சூரியன் நேரே கண்ணாடியில் அடிக்கும். அப்போது என் காரின் கமரா தனக்குத் தெரியவில்லை என்று விளக்கு எரித்துக் காட்டிவிட்டு ஒதுங்கிவிடும்.

வேகத்தைப் பற்றி நேற்று உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். 50இல் ஓடுகிற கார் ஒரு செக்கனில் 14 மீற்றர் போகும். கண்டு, கால் வைக்க அந்த ஒரு செக்கன். பிறகு காய்ந்த ரோட்டில் நிற்க இன்னும் ஒரு 14 மீற்றர். ஆக 28 மீற்றரில் நிற்கும். அதே இடத்தில் 60இல் வந்திருந்தால்? அந்த 28ஆவது மீற்றரில் கார் இன்னும் ஏறக்குறைய 40 கிலோமீற்றர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். முதல் கார் தொடாமல் நிற்கிற இடத்தில் இரண்டாவது கார் ஆளை 40இல் அடிக்கும். வெறும் பத்து வித்தியாசம். இரண்டு மூன்று தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தேன், கணக்கு அதுதான். துளசியிடம் கட்டாயம் காட்டு.

உனக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். சீற் பெல்ட்டும் எயார் பாக்கும் காருக்குள் இருக்கிற என்னைக் காப்பாற்றும். வியாழக்கிழமை கார் காப்பாற்றியது என்னை அல்ல. முப்பதில் ஒரு குடையை இடித்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. அந்த அம்மா எந்தக் காரும் வாங்கவில்லை, அப்படி ஒரு கமரா இருப்பதே அவருக்குத் தெரிந்திராது. எங்கள் ரோட்டுகளில் வருசத்துக்கு 2,000க்கு மேற்பட்டவர்கள் சாகிறார்கள், அவர்களில் கூடுதலானவர்கள் நடந்து போகிறவர்களும் மோட்டார் சைக்கிள்காரர்களும். நீ கூடக் கொடுக்கப் போகிற காசு அவர்களுக்குத்தான் போகிறது. உன் தெருவில் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குப் போகிறது. அப்படி நினைத்துக் கொடு.

பஸ்களை நினைத்தால் மனம் கொதிக்கிறது. மே மாதம் 11ஆம் திகதி விடியற்காலை கொத்மலையில் கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்களே. ஐரோப்பாவில் 2015இலிருந்தே புதிய லொறிகளுக்கும் தூரப்பயண பஸ்களுக்கும் தானியங்கிப் பிரேக்கும் கோட்டு எச்சரிக்கையும் கட்டாயம். ஐம்பது பேரை ஏற்றுகிற வாகனத்துக்குத்தான் இவை முதலில் வர வேண்டும். இன்று இரவு இங்கிருந்து புறப்படுகிற அந்தப் பிள்ளைகள் எல்லோரும் சாரதியின் இரண்டு கண்களை மட்டும் நம்பித்தான் ஏறுகிறார்கள்.

சரி, பக்கம் நிறைந்துவிட்டது. தைப்பொங்கலுக்கு எப்படியும் வருவோம். நீ அதற்குள் காரை எடுத்துவிட்டால் ஒரு காலை துளசியைக் கூட்டிக்கொண்டு கல்லுண்டாய் வெளிக்குப் போவோம். ஆள் இல்லாத நேரம் பார்த்து நாற்பதில் ஓடவிட்டு, முழுப் பலத்தோடு பிரேக்கை மிதிக்கச் சொல்வோம். பெடல் உதறும், அவள் பயப்படுவாள், கால் எழும்பப் பார்க்கும். எழும்பாமல் வரும்வரை நாலைந்து தடவை செய்யட்டும். அவளுக்குப் பிறகு நீயும் செய், நானும் செய்ய வேண்டும். ஐயா இருந்திருந்தால் பின் சீற்றில் இருந்து பார்த்திருப்பார்.

கார் எது என்று முடிவானதும் ஒக்சன் ஷீட்டின் படத்தை எனக்கு அனுப்பு, அந்தக் கராஜ் பெடியனிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் தீபாவளி வாழ்த்தைச் சொல்லு.

என்றும் அன்புடன்,
ரவி